முழிக்கு இரண்டு பங்கு

உலகத்தில் யார் வாழ்ந்தாலும் ஜெகதீஸ்வரனுக்குச் சந்தோஷம்தான். சரவணமுத்து மட்டும் வாழக் கூடாது. இதைக் கெட்ட எண்ணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. சரவணமுத்து அவனுடைய சித்தப்பா மகன், பங்காளி. மற்றக் காய்ச்சலுக்கெல்லாம் மாத்திரை வந்துவிட்டது, பங்காளிக் காய்ச்சலுக்கு இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

நாமக்கல்லை அடுத்த புதுச்சத்திரத்தில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே இறங்கினால் இருவர் வீடும் அடுத்தடுத்து இருக்கும். நடுவில் ஒரு வரப்பு. இருவரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள். மூத்தவனான ஜெகதீஸ்வரன் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே, ஏசி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறான். இளையவன் சரவணமுத்து கோயமுத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் கோழிப்பண்ணையைப் பார்த்துக்கொள்கிறான். முட்டை லாரி போகிற தடத்தை யார் நிலத்தில் அகலப்படுத்துவது என்று இரண்டு அப்பாக்களும் ஒருநாள் வாய்ச்சண்டை போட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டு ஆண்களுக்கும் பேச்சு கிடையாது. பெண்கள் மட்டும் வரப்பின் இருபுறமும் நின்று பேசிக்கொள்வார்கள். அதை யாரும் பேச்சு என்று எடுத்துக்கொள்வதில்லை.

தலையில் மாட்டினால் கண் முன்னே வேறொரு உலகம் தெரிகிற விஆர் கண்ணாடி இருக்கிறதல்லவா, அதைச் செய்து விற்ற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நொடித்துப்போனது. கம்பெனியோடு அதன் மென்பொருளும் போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் கையில் வெறும் கறுப்பு டப்பாதான் மிச்சம். அப்படிச் செத்த கண்ணாடிகள் சேலத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடை ஒன்றில் குவிந்து கிடந்தன. ஜெகதீஸ்வரன் ஒன்றை வாங்கி வந்தான். அது கம்ப்யூட்டருக்கு அனுப்பும் எண்களைப் பிடித்து, இந்த எண் எதைச் சொல்கிறது, அந்த எண் எதைச் சொல்கிறது என்று மாதக்கணக்கில் துப்புத் துலக்கினான். கடைசியில் கண்ணாடியை இயக்கும் மென்பொருளைத் தானே எழுதி முடித்தான். கருவிக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரிய வைக்கிற இந்த மாதிரி மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். லாரிக்குப் பேர்போன நாமக்கல்லில் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவன் பட்ட பாடு பெரும்பாடு, அது இப்போது வேண்டாம்.

தன் டிரைவருக்கு ‘முழி’ என்று பெயர் வைத்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக இணையத்தில் போட்டான். போலந்திலும் பிரேசிலிலும் டப்பாவாகக் கிடந்த கண்ணாடிகள் கண் விழித்தன. முகம் தெரியாதவர்கள் நன்றி எழுதினார்கள். கல்யாண வீட்டில்கூட “வா தம்பி” என்பதோடு சரி, யாரும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைக்காத ஆள் அவன். அந்த நன்றிகளை அவன் திரும்பத் திரும்பப் படித்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு குறை மட்டும் அவனுக்கு மசியவில்லை. கண்ணாடியை மாட்டிக் கொஞ்ச நேரம் ஆனதும் உள்ளே தெரிகிற உலகம் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பத் தொடங்கும். தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் சுவர் நகரும். பார்க்கிறவருக்குத் தலை சுற்றி வயிற்றைப் புரட்டும். குளிர் தேசத்துக்காரர்களுக்கு அது எப்போதாவது வந்தது, வெயில் ஊர்க்காரர்களுக்கு அடிக்கடி வந்தது. ஜெகதீஸ்வரன் முட்டி மோதிப் பார்த்துவிட்டுச் சலித்துப் போயிருந்த நேரத்தில், அதற்கான திருத்தம் ஒன்று இணையம் வழியாக வந்து சேர்ந்தது. அனுப்பியவன் சரவணமுத்து.

அவனும் அதே சேலம் கடையில் ஒரு கண்ணாடி வாங்கியிருக்கிறான். கண்ணாடி அனுப்பும் எண்களில் இரண்டை ‘பயனில்லை’ என்று குறித்து ஜெகதீஸ்வரன் ஒதுக்கி வைத்திருந்தான். அவைதான் உள்ளே இருக்கும் உணர்கருவியின் சூட்டைச் சொல்லும் எண்கள். சூடு ஏற ஏற அந்தக் கருவி பொய் சொல்கிறது, அந்தப் பொய்யின் அளவைக் கழித்துவிட்டால் உலகம் நகராது. கோழிக் கொட்டகையில் வெயில் எவ்வளவு ஏறியது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு அது பொறி தட்டியிருக்கிறது. ஏசி அறையில் இருந்தவனுக்குத் தட்டவில்லை.

திருத்தத்தோடு ஆங்கிலத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. ‘மதிப்பிற்குரிய பராமரிப்பாளருக்கு’ என்று தொடங்கி, நேரம் கிடைக்கும்போது பார்க்கும்படி பணிவாகக் கேட்டிருந்தான். வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு! ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி’ என்று ஜெகதீஸ்வரனும் ஆங்கிலத்தில் பதில் போட்டான். தமிழில் பேச்சில்லாத பங்காளிகளுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு மரியாதை.

மரியாதையெல்லாம் எழுத்தில்தான். ஜெகதீஸ்வரன் திருத்தத்தைப் போட்டுப் பார்த்தான், சுவர் ஆணி அடித்தது போல நின்றது. அவன் வயிறு எரிந்தது. எத்தனை நாள் அந்த இரண்டு எண்களும் தன் கண் முன்னாலேயே ஓடின! உலகமே சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பான், இவனா வந்து சொல்ல வேண்டும்?

உடனே ஏற்றுக்கொள்ள மனம் வரவில்லை. இந்த இடத்தில் பெயர் சரியில்லை என்று திருப்பி அனுப்பினான். சரவணமுத்து மாற்றி அனுப்பினான். விளக்கக் குறிப்பு போதாது என்றான். அதுவும் வந்தது. காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விடும் முறை நமது முறை அல்ல என்றான். கேட்டது கேட்டபடி, ஒரு சுடுசொல் இல்லாமல் வந்துகொண்டே இருந்தது. இவனுக்குக் கோபமும் வராதா என்று ஜெகதீஸ்வரனுக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது.

போலந்தில் ஸோஃபியா என்று ஒருத்தி, முழியை முதலில் பயன்படுத்தியவர்களில் ஒருத்தி. ‘இந்தத் திருத்தம் அற்புதம், ஏன் இன்னும் சேர்க்கவில்லை?’ என்று எல்லாரும் பார்க்கும்படி கேட்டாள். அற்புதம் என்று தன்னை அவள் ஒருநாளும் சொன்னதில்லை என்பது ஜெகதீஸ்வரனுக்கு நன்றாக நினைவிருந்தது.

அவன் மனைவி யுவஸ்ரீ ஒருநாள் காப்பியை வைத்துவிட்டுக் கேட்டாள்.

“ஏனுங்க, சரவணன் அனுப்புனது வேலை செய்யுதுங்களா இல்லீங்களா?”

“செய்யுது.”

“அப்பறம் எனத்துக்குங்க எடுத்துக்காம வெச்சிருக்கறீங்க? நெலா கேக்கறா, நான் என்னன்னு சொல்றது?” நிலா, சரவணமுத்துவின் மனைவி.

“அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்குது. உனக்குத் தெரியாது.”

“முறை எனக்குத் தெரியாதுங்க. உங்க மொகம் எனக்குத் தெரியுமுங்க,” என்றுவிட்டு அவள் போய்விட்டாள்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சரவணமுத்து, முழியை முழுசாக ஒரு நகல் எடுத்து, தன் திருத்தத்தையும் அதில் சேர்த்துத் தன் பக்கத்தில் தனியாகப் போட்டுவிட்டான். ஓப்பன் சோர்ஸில் இது களவும் இல்லை, குற்றமும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று எழுதிக் கொடுத்ததே ஜெகதீஸ்வரன்தான். ஆட்கள் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். ஸோஃபியா முதலில் போனாள்.

வேறு நாட்டுக்காரனாக இருந்தால் இணையத்தில் நாலு வார்த்தை சண்டை போட்டுவிட்டு விட்டிருப்பான். ஜெகதீஸ்வரன் நேராகப் பெரியப்பா தங்கசாமியிடம் போனான். அவர்தான் குடும்பத்தில் மூத்தவர். சுற்று வட்டாரத்தில் பாகம் பிரிக்கிற வீட்டிலெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

“சரவணன் நம்மளக் கேக்காமத் தனியாப் பிரிஞ்சு போயிட்டானுங்க பெரிப்பா.”

“சொத்து பொதுவா சாமி?”

“பொதுதானுங்க.”

யார் யாருக்குப் பொது என்று அவரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரையும் தன் வீட்டுக்கு வரச்சொன்னார் தங்கசாமி. சரவணமுத்து பண்ணையிலிருந்து அப்படியே வந்து ஓரமாக நின்றான். பெரியப்பா கூப்பிட்டால் மறுப்பதில்லை என்பது அவன் வழக்கம்.

“அந்த முழிங்கறது எங்க இருக்குது?” என்றார் தங்கசாமி.

“இணையத்துலீங்க பெரிப்பா.”

“அதுக்கு வரப்பு உண்டா?”

“இல்லீங்க.”

“அதான் பாத்தன். வரப்பில்லாத சொத்துலதான் சாமி வம்பு வரும். ஒட்டுக்கா வெச்சிருந்தா நாளைக்குக் கொலையில போய் நிக்கும். பிரிச்சுக்குங்க. மூத்தவன் ரெண்டு பங்காப் பிரிக்கோணும், எளையவன் மொதல்ல எடுக்கோணும். அதான் மொறை. ஒருத்தன் பங்குல இன்னொருத்தன் கை வெக்கறதில்ல. என்ன சொல்றீங்க?”

“சரீங்க பெரிப்பா,” என்றான் சரவணமுத்து. ஜெகதீஸ்வரனும் தலையாட்டினான்.

நல்ல முறைதான், குறை சொல்ல முடியாது. பிரிக்கிறவன் ஒரு பங்கைக் கொழுக்க வைத்தால், முதலில் எடுக்கிறவன் அதை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அதனால் கை தானாக நேராகிவிடும். கிணறும் தென்னையும் இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பிரிந்திருக்கின்றன. ஆனால் ஒரு மென்பொருளை இப்படிப் பிரித்த ஊர் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் யுவஸ்ரீ சிரித்துவிட்டாள்.

“நகல் எடுத்தா ரெண்டு பேருக்குமே முழுசா இருக்குமுங்களே. நெலம்னா வெட்டித்தான் ஆகோணும். இதை எனத்துக்குங்க வெட்டறீங்க?”

“பெரிப்பா சொல்லிட்டாரு.”

“அவருக்கு இது என்னன்னு தெரியுமா? தெரிஞ்ச நீங்களும் வாய மூடிட்டு வந்திருக்கறீங்க.”

அவனிடம் பதில் இருந்தது, அவளிடம் சொல்லக்கூடியதாக இல்லை. முழுசாக இரண்டு பேரிடமும் இருந்தால் சரவணமுத்துவிடமும் இருக்குமே! தன்னிடம் இருப்பது அவனிடம் இல்லாமல் இருந்தால்தானே இருப்பதற்கு ருசி?

கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்க உட்கார்ந்தான். முழியில் இரண்டு பெரிய வேலைகள் உண்டு. கண்ணாடியின் திரையில் படத்தைக் காட்டுவது ஒன்று. தலையும் கையும் எந்தப் பக்கம் அசைகின்றன என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. படம் காட்டுகிற பாதி எப்போதோ முடிந்துவிட்டது, அதில் செய்ய ஒன்றும் இல்லை. அசைவு பிடிக்கிற பாதியில்தான் வேலையெல்லாம் இருந்தது. தீராத குறைகள், ஆட்கள் எழுதுகிற புகார்கள், அந்தச் சூட்டுத் திருத்தம், எல்லாம் அதில்தான்.

ஜெகதீஸ்வரனுக்கு வேண்டியது அந்தச் சூட்டுத் திருத்தம். அது தன் பங்கில் வந்து, தன் பக்கத்தில், தன் பராமரிப்பில் இருக்க வேண்டும். நாளாக ஆக அதைக் கண்டுபிடித்தவன் யார் என்பது ஜனங்களுக்கு மறந்துபோகும். ஆகவே படம் காட்டுகிற பாதியோடு தூண்டிலில் புழு வைப்பது போல முழி என்ற பெயரை வைத்தான். பழைய பக்கத்தையும், அதைப் பின்தொடர்கிற அத்தனை பேரையும், முதலில் உருவாக்கியவர் என்று போட்டுக்கொள்ளும் உரிமையையும் அதிலேயே சேர்த்தான். அசைவுப் பாதியில் வேலையையும் புகார்களையும் மட்டும் விட்டான். பெயரை விட்டுவிட்டுப் புகாரை எவனாவது எடுப்பானா? தான் எடுக்க மாட்டான், ஆகவே சரவணமுத்துவும் எடுக்க மாட்டான் என்பது அவன் கணக்கு.

மறு ஞாயிறு தங்கசாமி முன்னால் இரண்டு பங்கையும் விவரித்தான். தங்கசாமிக்குப் பாதி புரியவில்லை, ஆனாலும் நிலத்துக்குத் தலையாட்டுவது போலவே ஆட்டினார். “எடு சாமி,” என்றார் இளையவனைப் பார்த்து.

சரவணமுத்து யோசிக்கக்கூட இல்லை.

“எனக்கு அந்த அசைவுப் பங்கு போதுமுங்க. அதுலதான் வேலை இருக்குது. பேரு அண்ணனோடது, அவுருக்கே இருக்கட்டும்.”

தங்கசாமிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லாமல் முடிந்த பாகப்பிரிவினையை அவர் அன்றுதான் பார்க்கிறார். “பாத்தியா ஜெகதீசு, கொழுத்த பங்க உனக்கு உட்டுக் குடுத்துட்டான்,” என்றார். ஜெகதீஸ்வரனுக்குத் தன் பையில் இருந்ததை யாரோ உருவிக்கொண்டு போனது போல இருந்தது.

அதற்குப் பின் முழி என்ற பெயர் முழுக்க முழுக்க அவனுடையது. பெயரைச் சொல்லிக்கொள்ளத் தடை இல்லை, பங்கு கேட்க ஆள் இல்லை. எரிச்சல் மட்டும் அடங்குவதாக இல்லை. சரவணமுத்து தன் முழு நகலை நீக்கிவிட்டு அசைவுப் பங்கை மட்டும் வைத்துக்கொண்டான், ஆகவே கண்ணாடி வேலை செய்ய இரண்டு பங்கும் வேண்டும். ஜனங்கள் இவனுடையதை ஒரு முறை இறக்கிக்கொண்டு மறந்தார்கள். சரவணமுத்துவின் பக்கத்தில் நாள்தோறும் கூட்டம். இங்கே நடுங்குகிறது, அங்கே கை இடறுகிறது, இதைப் பார், அதைப் பார் என்று எழுதினார்கள். அவன் பதில் எழுதினான், சரி செய்தான், மறுபடி எழுதினார்கள்.

ஜெகதீஸ்வரன் கம்பெனி வேலைக்கு நடுவே ஒரு ஜன்னலில் அதைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். பொறாமை எப்படி எப்படியோ வரும், அடுத்தவனுக்கு வருகிற புகாரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆளை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தன்னை யாராவது திட்டியாவது நாலு வரி எழுத மாட்டார்களா என்று இருந்தது அவனுக்கு. சாதம் இறங்கவில்லை. யுவஸ்ரீ கேட்டால் வெயில் என்றான்.

ஒருநாள் அவன் பக்கத்திலும் ஒரு செய்தி வந்தது. ஆவலாகத் திறந்தான். யாரோ ஒரு பிரேசில்காரன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான். ‘இது இன்னும் உயிரோடு இருக்கிறதா?’

அவன் திரையை அணைத்தான். பிறகு எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, வரப்பைத் தாண்டினான்.

நிலா வாசலில் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் கையில் இருந்ததை அப்படியே வைத்துவிட்டு, “வாங்க மாமா,” என்றாள். அவன் அந்த வீட்டுக்குள் கால் வைத்து எத்தனையோ காலம் ஆகிறது. “உள்ளதான் இருக்கறாருங்க,” என்று வழிவிட்டாள்.

உள்ளே சரவணமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தான். வந்தது யார் என்று அவனுக்குத் தெரியாது. எதையோ பார்த்துத் தனக்குத்தானே சிரித்தான். ஜெகதீஸ்வரன் நின்று பார்த்தான். தானும் முதல் நாள் இப்படித்தான் சிரித்தோம், பிறகு வருகிற நன்றிகளை எண்ணத் தொடங்கியதில் சிரிப்பை விட்டுவிட்டோம் என்று தோன்றியது. அந்தச் சிரிப்பின் மேலும் பொறாமை வந்தது.

“சரவணா.”

அவன் கண்ணாடியைக் கழற்றினான். கண்ணைச் சுற்றி அழுந்திய தடம் சிவந்திருந்தது. “அண்ணா, வாங்கண்ணா. உக்காருங்க.”

ஜெகதீஸ்வரன் உட்காரவில்லை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொன்னான்.

“உங்கிட்டப் புகார் நெறைய வருதில்ல. அதுல எனக்கு ஒண்ணு குடு. எதா இருந்தாலும் சரி.”

கிணற்றில் தண்ணீர் வற்றிய கோடையில்கூடப் பங்காளியிடம் போய் ஒரு குடம் கேட்காத குடும்பம் அது. சரவணமுத்து கிண்டல் பண்ணவில்லை. நாற்காலியை நகர்த்தித் திரையை இவன் பக்கம் திருப்பினான்.

“இதுல எது வேணும்னாலும் பாருங்கண்ணா.”

முதலில் இருந்தது ஸோஃபியாவின் புகார். கையைத் தலைக்கு மேலே தூக்கினால் கண்ணாடிக்குள் கை காணாமல் போகிறது என்று எழுதியிருந்தாள். அதன் கீழே சரவணமுத்துவின் பதில் இருந்தது. ‘மன்னிக்கவும், தவறு என்னுடையது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.’

ஜெகதீஸ்வரன் அந்த இடத்து வரிகளைத் திறந்தான். படித்ததுமே புரிந்துவிட்டது. கழித்தல் எண்ணாகப் படிக்க வேண்டியதைக் கூட்டல் எண்ணாகப் படித்திருக்கிறது. கை தலைக்கு மேலே போனதும் எண் தலைகீழாகி, கை எங்கோ ஆகாயத்துக்குப் பறந்துவிடுகிறது. சுத்தக் கவனக்குறைவு. வரிக்குப் பக்கத்தில், எழுதியவர் யார் என்று தளம் தானாகவே காட்டும். அங்கே இருந்தது ஜெகதீஸ்வரன் பெயர்.

“இத எழுதுனது யாருன்னு பாத்தியா?”

“பாத்தனுங்கண்ணா. நேத்துத்தான் கண்டுபிடிச்சன். பொழுதோட சரி பண்ணலாம்னு இருந்தன்.”

“அப்பறம் எனத்துக்கு உன்ற தப்புன்னு அவளுக்கு எழுதுன?”

“இப்ப என்ற பங்குலதானுங்கண்ணா இருக்குது. யாரு எழுதுனதா இருந்தா என்னங்க.”

ஜெகதீஸ்வரன் அவன் முகத்தில் நடிப்பைத் தேடினான். ஒன்றும் கிடைக்கவில்லை. தானாக இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று அவனுக்குத் தெரியும். பங்காளியின் தப்பை உலகத்துக்கே படம் பிடித்துக் காட்டி, தேதியையும் எழுதி, ஸோஃபியாவுக்கு ஒரு பிரதி தனியாக அனுப்பியிருப்பான். இவன் அதைத் தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கிறான். கெட்டிக்காரனாக இருக்கிறான், பொறுத்துக்கொள்ளலாம். நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறானே! அத்தனை நாள் எரிந்ததையெல்லாம் சேர்த்தாலும் இந்த ஒரு நிமிஷத்து எரிச்சலுக்கு ஈடாகாது.

அந்த எரிச்சலில்தான் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தன் தப்பைச் சுமக்க இவன் யார்? முழி என்ற பெயரை விட்டுக் கொடுத்தான், கொழுத்த பங்கை விட்டுக் கொடுத்தான், பெரியப்பாவிடம் நல்ல பெயர் வாங்கினான். இப்போது தன் தப்பிலும் அவனுக்கே நல்ல பெயரா? அது ஒன்றையாவது விடக் கூடாது.

விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தான்.

“என்ன பண்றீங்கண்ணா?”

“நீ சும்மா இரு,” என்றான் ஜெகதீஸ்வரன். ஸோஃபியாவின் புகாருக்குக் கீழே, உலகம் முழுக்கப் படிக்கும்படி, தன் கணக்கில் நுழைந்து தன் பெயரில் எழுதினான்.

‘இந்தத் தவறு என்னுடையது. சரவணமுத்துவுக்கு இதில் பங்கில்லை.’